நகர மன்றம் வாங்கும் துணை

இங்கிலாந்தின் எந்தப் பெரிய நகரத்திலாயினும், நள்ளிரவுக்கு மேல், கடைவாசலிலோ ரயில் நிலையத்தின் ஓரத்திலோ போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் ஒருவரைத் தேடி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பெயரைக் கேட்டு, தங்குவதற்கு இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்று பேச்சுக் கொடுக்கும் பணியாளரைக் காணலாம். அவர் சட்டையில் ஏதோ ஒரு தர்ம ஸ்தாபனத்தின் பெயர் பொறித்திருக்கும். ஆகையால் அந்த ஸ்தாபனத்தின் கருணையே அவரை அனுப்பியது என்று பார்ப்பவர் எண்ணுவது இயல்பு. கருணைக்கு அதில் பங்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அவருக்குச் சம்பளம் எவ்வளவு, அவர் சுற்ற வேண்டிய தெருக்கள் எவை, வாரத்தில் எத்தனை இரவு, வருஷத்தில் எத்தனை பேரைக் கூரையின்கீழ்ச் சேர்க்க வேண்டும், எந்தத் தேதியோடு அவருடைய வேலை முடிகிறது என்பவையெல்லாம் பெரும்பாலும் ஒரு தஸ்தாவேஜில் முன்கூட்டியே எழுதப்பட்டவை. அவ்வூர் உள்ளாட்சி மன்றத்துக்கும் அந்த ஸ்தாபனத்துக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தமே அந்தத் தஸ்தாவேஜு.

மன்றம் பணத்தைத் தந்து, பணியின் இலக்கணத்தை வகுத்து, அதைச் செய்ய வேறொரு ஸ்தாபனத்தை அமர்த்திக்கொள்ளும் இந்த முறை அந்தத் தேசத்தில் தனியொரு நிர்வாக சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. நம் நாட்டிலும், நகரங்களில் லட்சம் ஜனங்களுக்கு ஒரு காப்பகம் என்ற கணக்குச் சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவுகளை ஒட்டி ஏற்பட்ட பிறகு, சென்னை மாநகராட்சி தொண்டு ஸ்தாபனங்களைக் கொண்டு காப்பகங்களை நடத்தி வருகிறது. ஆதலால் இதை அயல்நாட்டு விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

வீடற்றவர்க்கு வீடு தேடித் தரும் கடமை இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களுக்குத் தெளிவாக வந்து சேர்ந்தது 1977-ஆம் வருஷத்துச் சட்டத்தால்தான். அதற்குப் பதினொரு வருஷங்களுக்கு முன், 1966 நவம்பரில், கென் லோச் இயக்கிய 'கேத்தி கம் ஹோம்' என்ற நாடகம் பிபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. சாதாரணமான ஓர் இளம் குடும்பம் படிப்படியாக வீட்டை இழந்து, முடிவில் குழந்தைகளும் தாயின் கையிலிருந்து பிரிக்கப்படுவதைத் தங்கள் கூடத்தில் உட்கார்ந்து கண்ட ஜனங்கள் திடுக்கிட்டார்கள். மறுமாதமே 'ஷெல்ட்டர்' என்னும் ஸ்தாபனம் தோன்றியது. பின்னர் லிபரல் கட்சியைச் சேர்ந்த ஸ்டீஃபன் ராஸ் தனி அங்கத்தினர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றிய அந்தச் சட்டம், குழந்தைகளுள்ள குடும்பத்தார், கர்ப்பிணிகள், முதுமையாலோ நோயாலோ தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவர்கள், தீயாலும் வெள்ளத்தாலும் வீடிழந்தவர்கள் ஆகியோரை முன்னுரிமை பெற்றவர்களாக வகுத்தது. இந்த வகுப்புகளில் அடங்காத தனியாள், எவ்வளவு காலம் தெருவில் கிடந்தவராயினும், ஆலோசனைக்கு மட்டுமே உரியவரானார்.

நாற்பது வருஷம் கழித்து, லண்டனில் தமிழர் கணிசமாகக் குடியிருக்கும் ஹாரோவின் கிழக்குத் தொகுதி அங்கத்தினர் பாப் பிளாக்மன் கொண்டுவந்த 2017-ஆம் வருஷத்துச் சட்டம் இந்தக் குறையைப் பாதி தீர்த்தது. வீட்டை இழக்கும் அபாயத்தில் உள்ளவருக்கு 56 நாள், இழந்துவிட்டவருக்கு இன்னொரு 56 நாள், மன்றம் முயன்று உதவ வேண்டும் என்று அது விதித்தது. 2018 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஆனால் அந்த நாட்கள் கடந்தபின், நிலையான வீட்டுக்கு வழி செய்யும் முழுக் கடமை இன்றும் முன்னுரிமை பெற்றவர்களுக்கே உண்டு. இதைவிட முக்கியமான மற்றொன்றையும் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தெருவில் கிடப்பவரைத் தேடிச் செல்லும் பணியாளர், இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் இருக்கும் விடுதி, தனி வீட்டுக்குக் குடிபோனவரை வாரந்தோறும் போய்ப் பார்த்து வாடகை பாக்கி விழாமலும் மருந்து தவறாமலும் கவனிக்கும் துணையாளர் ஆகிய இவர்களை மன்றம் அமர்த்தியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை. குடும்ப வன்முறைக்குத் தப்பி வருபவர்களின் புகலிடங்களுக்கு மட்டும் 2021-ஆம் வருஷத்துச் சட்டம் இத்தகைய கடமையை ஏற்படுத்தியிருக்கிறது. மற்றவையெல்லாம் மன்றத்தின் மனத்தையும் பொக்கிஷத்தையும் பொறுத்தவை.

பொக்கிஷம் நிறைந்திருந்த காலமும் ஒன்று இருந்தது. 2003 ஏப்ரலில் தொடங்கிய 'சப்போர்ட்டிங் பீப்பிள்' என்ற திட்டத்தின் கீழ், முதல் வருஷத்தில் மட்டும் ஏறத்தாழ 180 கோடி பவுன், வேறெதற்கும் செலவழிக்கலாகாது என்ற நிபந்தனையோடு, மன்றங்களுக்கு வழங்கப்பட்டது. தங்குமிடத்தோடு கூடிய துணைப் பணிக்கென்று முறையான ஒப்பந்தமும் தரப் பரிசோதனையும் தேசமெங்கும் பரவியது அப்பொழுதுதான். 2009-இல் அந்த நிபந்தனை எடுக்கப்பட்டது; பிறகு அந்தப் பணம் பொது மானியத்தில் கரைந்தது; மானியமும் சுருங்கத் தொடங்கியது. 2010-11 முதலான நான்கு வருஷங்களில் இந்தப் பணிக்கான செலவை மன்றங்கள் ஏறத்தாழ 45 சதவீதம் குறைத்துவிட்டன என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. சட்டம் கட்டாயப்படுத்தாத செலவே முதலில் வெட்டப்படும் என்பது நிர்வாகம் அறிந்த எவருக்கும் வியப்பளிக்காது.

ஆனால் வெட்டுண்ட செலவு வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. இலையுதிர் காலத்தில் ஓர் இரவைக் குறித்துத் தெருவில் உறங்குவோரைக் கணக்கெடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. 2010-இல் 1,768 என்று இருந்த அந்தத் தொகை 2017-இல் 4,751 ஆயிற்று. பெருந்தொற்றின்போது 'எவ்ரிஒன் இன்' என்ற அவசர ஏற்பாட்டால் 37,000 பேருக்கு மேல் ஹோட்டல்களிலும் பிற இடங்களிலும் தங்க வைக்கப்பட்டதனால் 2021-இல் 2,440 வரை இறங்கி, 2024-இல் மறுபடியும் 4,667-க்கு ஏறிவிட்டது. இதற்கு வாடகை உயர்வும் அரசாங்க உதவித்தொகைகளின் சுருக்கமும் காரணங்களே. துணைப் பணி குறைந்தது ஒன்றே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. மறுபுறம், முன்னுரிமை பெற்ற குடும்பங்களை நிரந்தர வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாகத் தங்க வைப்பது சட்டக் கடமையாதலால் அதை வெட்ட வழியில்லை. 2024 மார்ச் முடிவில் இப்படித் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்த குடும்பங்களும் தனியாட்களுமாகச் சேர்ந்த தொகை 1,17,450. அந்தத் தங்குமிடங்களுக்காக 2023-24-இல் இங்கிலாந்தின் மன்றங்கள் செலவிட்டது ஏறத்தாழ 230 கோடி பவுன். அதில் மத்திய அரசாங்கம் ஈடு செய்யும் பங்கோ 2011 ஜனவரி வாடகை விகிதத்தில் 90 சதவீதம் என்ற பழைய அளவிலேயே நின்றுவிட்டது. வீழ்ச்சியைத் தடுக்கும் பணிக்குப் பணமில்லை என்று சொல்லி, வீழ்ந்த பிறகு அதைவிட அதிகமாகச் செலவழிப்பது சிக்கனமாகாது. ஆனால் ஒன்று விருப்பச் செலவாகவும் மற்றொன்று கட்டாயச் செலவாகவும் இருக்கும்வரை, நல்லெண்ணமுள்ள மன்றமும் இந்தச் சுழலிலிருந்து தப்புவது கடினம்.

இனி ஒப்பந்தம் உருவாகும் விதத்தைப் பார்ப்போம். தன் எல்லைக்குள் வீடற்றோர் நிலையைப் பரிசீலித்து, ஐந்து வருஷங்களுக்கு ஒரு முறையாவது திட்டம் ஒன்றை வெளியிட வேண்டும் என்று 2002-ஆம் வருஷத்துச் சட்டம் ஒவ்வொரு மன்றத்துக்கும் விதித்திருக்கிறது. அந்தத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இப்பணிக்கென்று அமர்ந்த உத்தியோகஸ்தர் எத்தனை படுக்கை வேண்டும், எந்த வயதினருக்கு, போதைப் பழக்கமோ மனநோயோ உள்ளவர் எத்தனை பேர், சிறையிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் நேரே தெருவுக்கு வருபவர் எத்தனை பேர் என்று மதிப்பிடுகிறார். விடுதி நடத்துபவர்களையும், டாக்டர்களையும், போலீஸாரையும், இப்பொழுதெல்லாம் தெரு வாழ்வை அனுபவித்து மீண்டவர்களையும் அழைத்துக் கலந்து பேசுகிறார். அதன்பின் எழுதப்படுவது பணி விவரம். ஐம்பது, அறுபது பக்கம் ஓடக்கூடிய அதில், மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர் கடந்து சென்றுவிடக்கூடிய வாக்கியங்களிலேயே மனிதர்களின் தலைவிதி அடங்கியிருக்கிறது. விடுதியார் யாரை ஏற்க மறுக்கலாம்? நாயை விட்டுப் பிரிய மாட்டேன் என்பவரை, மனைவியோடு வருபவரை, முன்பொரு முறை வாடகை பாக்கி வைத்துப் போனவரை, குடித்துவிட்டு வந்து நிற்பவரை என்ன செய்வது? எந்தக் குற்றத்துக்கு ஒருவரை வெளியேற்றலாம், வெளியேற்றுமுன் மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா? இரவில் விழித்திருக்கும் பணியாளர் ஒருவரா, இருவரா? இவற்றுக்கெல்லாம் அங்கே ஒவ்வொரு வரியில் விடை இருக்கும். மறுக்கும் உரிமையைத் தாராளமாகத் தந்துவிட்டால், மிகவும் இடர்ப்பட்டவர்களே எல்லா விடுதிகளிலும் மறுக்கப்பட்டு மறுபடியும் நடைபாதைக்கு வந்து சேருவார்கள். ஒருவரையும் மறுக்கலாகாது என்று விதித்து, அதற்கேற்ற பணியாளரை அமர்த்தப் பணம் கொடாவிட்டால், விடுதியே வாழத்தகாத இடமாகிவிடும். பணி விவரத்தை எழுதுபவரின் திறமை இந்த இரண்டுக்கும் நடுவே வழி காண்பதில் இருக்கிறது.

பணம் வரும் வழியும் ஒன்றல்ல. ஒப்பந்தத் தொகை பெரும்பாலும் துணைப் பணியாளரின் ஊதியத்துக்கே. அறைக்கு வாடகை, தங்குபவரின் பெயரால் கிடைக்கும் வீட்டு உதவித்தொகையிலிருந்து வரும். கட்டடமோ ஒரு வீட்டு வசதிச் சங்கத்துக்குச் சொந்தமாக இருக்கக்கூடும். மன்றம் ஒப்பந்தத் தொகையைக் குறைத்தால் கட்டடமும் படுக்கையும் அப்படியே இருக்க, அவற்றுக்கு உயிரூட்டும் ஆட்கள் மட்டும் மறைவார்கள். மாவட்ட அமைப்பு இரண்டடுக்காக உள்ள பிரதேசங்களில் சிக்கல் இன்னும் பெரிது: வீடற்றவரை ஏற்கும் கடமை கீழடுக்கிலுள்ள வட்டார மன்றத்தினுடையது, துணைப் பணிக்கான பணமோ மேலடுக்கிலுள்ள கவுன்ட்டி மன்றத்தின் கையில். கவுன்ட்டி சிக்கனம் செய்தால் அதன் விளைவைச் சுமப்பது வட்டாரம்.

பணி விவரம் வெளியானதும் டெண்டர் கோரப்படுகிறது. போட்டியிடும் ஸ்தாபனங்கள் கேள்விகளுக்கு வார்த்தை வரம்புக்குள் விடை எழுத வேண்டும். விடைகளின் தரத்துக்கு நூற்றுக்கு அறுபதோ எழுபதோ மதிப்பெண், விலைக்கு மீதி என்று பங்கிடுவது பரவலான வழக்கம். மிகக் குறைந்த விலை கேட்டவருக்கு விலைப் பங்கின் முழு மதிப்பெண்ணும், மற்றவர்க்கு விகிதப்படி குறைத்தும் தருவது சாதாரணக் கணக்கு. மிகக் குறைந்த விலைக்கே தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஊருக்கு விளையும் சமூக நன்மையையும் யோசிக்க வேண்டும் என்றே 2012-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய கொள்முதல் சட்டம் இத்தகைய சேவைகளுக்கு, 6,63,540 பவுனுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களிலும், கட்டுப்பாடு தளர்ந்த முறையை அனுமதிக்கிறது. ஆயினும் நெருக்கடியிலுள்ள மன்றம் விலையை மறந்துவிடுவதில்லை. டெண்டர் எழுதுவதற்கென்றே ஆட்களை வைத்திருக்கும் பெரிய ஸ்தாபனம், முப்பது வருஷமாக ஒரே தெருவில் கஞ்சி ஊற்றி எல்லாரையும் பெயர் சொல்லி அழைக்கும் சிறிய சங்கத்தை எழுத்துத் திறமையால் வென்றுவிடுவது உண்டு. எழுத்தில் வெல்பவரே பணியிலும் சிறந்தவர் என்று சொல்ல நியாயமில்லை.

என் உள்ளத்தை மிகவும் வருத்துவது ஒப்பந்தத்தின் காலம். மூன்று வருஷம், விரும்பினால் மேலும் ஒன்றோ இரண்டோ வருஷம் என்பது நெடுநாளைய வழக்கம். அரசாங்கம் அவ்வப்பொழுது தரும் விசேஷ நிதியை நம்பிய பணிகளுக்கோ ஒரே வருஷந்தான். காலம் முடிந்ததும் மறுபடியும் டெண்டர், மறுபடியும் போட்டி. வேறு ஸ்தாபனம் வென்றால், பணியாளர்கள் தங்கள் ஊதிய நிபந்தனைகளோடு அதற்கு மாற வேண்டும் என்று சட்டம் பாதுகாப்பு அளித்தாலும், நிச்சயமற்ற அந்த மாதங்களிலேயே பலர் வேறு வேலை தேடிப் போய்விடுகிறார்கள். சிறு வயதில் அநாதை விடுதியிலும், பிறகு சிறையிலும், பிறகு தெருவிலும் கழித்து, மனிதர்களை நம்பலாகாது என்ற ஒன்றையே வாழ்க்கையிலிருந்து கற்ற ஒருவர், ஒரு பணியாளரிடம் தம் பிறந்த ஊரைச் சொல்லவே ஒரு வருஷம் ஆகலாம். டாக்டரிடம் போகலாம் என்று இணங்க இன்னொரு வருஷம் ஆகலாம். அந்த நேரத்தில் பணியாளர் மாறினால் எல்லாம் தொடக்கத்திலிருந்துதான். நாற்றை வேர் பிடிக்குமுன் பிடுங்கிப் பிடுங்கி நடுகிறவன் விளைச்சலைக் காண மாட்டான். தேசிய லாட்டரி நிதியின் 11.2 கோடி பவுனைக் கொண்டு 2014 முதல் 2022 வரை பன்னிரண்டு இடங்களில் நடந்த 'ஃபுல்ஃபில்லிங் லைவ்ஸ்' திட்டமும், நம்பிக்கைக்குரிய ஒரே பணியாளரின் நீண்ட உறவே பல துன்பங்கள் சேர்ந்து அழுத்தும் மனிதர்களை மீட்கிறது என்ற அனுபவத்தையே தந்தது. மன்றம் உண்மையில் வாங்குவது அந்த உறவைத்தான் என்றால், அதற்கு வேண்டிய காலத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

விளைவுக்கேற்பப் பணம் தருவது என்ற முறையும் சோதிக்கப்பட்டது. 2012-இல் லண்டன் மாநகர ஆட்சி, தெருவாழ்வில் ஊறிய 831 பேரைப் பெயர் குறித்துத் தேர்ந்து, செயின்ட் மங்கோஸ், தேம்ஸ் ரீச் என்ற இரு ஸ்தாபனங்களிடம் ஒப்படைத்தது. தெருவுக்குத் திரும்பாமை, நிலையான வீடு, வேலை, அவசர ஆஸ்பத்திரிச் சிகிச்சை குறைதல் என்று ஒவ்வொரு பலனுக்கும் பணம். முதலீட்டாளர்கள் முன்பணம் போட்டார்கள். வழிமுறையைக் கட்டளையிடாமல் பலனை மட்டும் கேட்டதால் பணியாளர்களுக்குச் சுதந்திரம் கிடைத்தது என்பது நல்ல அம்சம். ஆனால் அந்நியரைச் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் பணம் பெறும் பலன்களில் ஒன்றாக இருந்தது. மனிதரின் மிகக் கடினமான தீர்மானம் ஒன்றை விலைப் பட்டியலில் சேர்ப்பது தகாது என்பதே என் அபிப்பிராயம்.

அந்நியர் என்ற பேச்சு வந்ததால் நம்மவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடிச் சென்ற தமிழர்களுக்கு, மனு தீர்ப்பாகும்வரை தங்குமிடம் தருவது மத்திய உள்துறை. அகதி அந்தஸ்து கிடைத்ததும் சில வாரங்களில் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும். அப்பொழுது அவர்கள் மன்றத்தின் வாசலில் வந்து நிற்கிறார்கள். மனு நிராகரிக்கப்பட்டு, பொது நிதியைத் தொடலாகாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டவருக்கோ வீட்டு உதவித்தொகை இல்லை; உதவித்தொகை இல்லாதவரால் வாடகை வராது; ஆகவே பல விடுதி ஒப்பந்தங்களின் கதவு அவருக்குத் திறப்பதில்லை. கோயில்களும் சர்ச்சுகளும் நன்கொடையால் நடக்கும் சங்கங்களுமே அவருக்குத் துணை.

மன்றம் ஒப்பந்தமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பர்மிங்ஹாம் சாட்சி சொல்லும். துணைப் பணியோடு கூடிய தங்குமிடத்துக்கு வீட்டு உதவித்தொகை சாதாரண வாடகை உச்சவரம்புக்கு மேலும் கிடைக்கும் என்ற விதியைப் பயன்படுத்தி, யாரும் அமர்த்தாமலே பலர் வீடுகளை அறை அறையாகப் பிரித்து வீடற்றவர்களை வைத்தார்கள். அந்த நகரத்தில் மட்டும் இத்தகைய இடங்கள் 20,000-க்கு மேல் பெருகின. நேர்மையாக நடத்தியவர்களும் இருந்தார்கள். வாரத்துக்கு ஒரு முறை கதவைத் தட்டிவிட்டுப் போவதையே துணைப் பணி என்று கணக்குக் காட்டியவர்களும் இருந்தார்கள். பணி விவரமும் இல்லை, மேற்பார்வையும் இல்லை, பொதுப்பணம் மட்டும் ஓடியது. 2022-இல் பார்லிமெண்ட் கமிட்டி இதைக் கடுமையாகக் கண்டித்தது. மறு வருஷம் பாப் பிளாக்மனே கொண்டுவந்த இன்னொரு மசோதா, இத்தகைய தங்குமிடங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்துக்கு வழி செய்யும் சட்டமாயிற்று. டெண்டர் முறையின் குறைகளை இவ்வளவு எழுதிய பின்னும் ஒப்பந்தமே வேண்டாம் என்று நான் சொல்லத் துணியாததற்கு இதுவே காரணம்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. 1992-இல் நியூயார்க்கில் ஸாம் ஸெம்பெரிஸ் தொடங்கி, பின்லாந்து 2008 முதல் தேசியக் கொள்கையாக்கிய 'ஹவுஸிங் ஃபர்ஸ்ட்' முறையில், குடியை விடு, மருந்து சாப்பிடு, பிறகு வீடு என்ற நிபந்தனைகள் கிடையா. முதலில் வீடு, அதன்பின் அவர் வேண்டும்வரை துணை. 2018-இல் மான்செஸ்டர், லிவர்பூல், மேற்கு மிட்லண்ட்ஸ் பிரதேசங்களில் 2.8 கோடி பவுனுடன் இது சோதிக்கப்பட்டது. ஒரு பணியாளர் ஏறத்தாழ ஏழு பேருக்கு மேல் கவனிக்கலாகாது என்பது இதன் கொள்கை. துணைக்குக் காலவரம்பும் இல்லை. காலவரம்பில்லாத பணியைக் காலவரம்புள்ள நிதியைக் கொண்டு நடத்த நேர்ந்ததே அங்கே மன்றங்களுக்கு வந்த பெருங்கவலை.

ஒப்பந்தத்தின் உருவத்தையே மாற்றியது தென்மேற்குக் கரையிலுள்ள பிளிமத் நகர மன்றம். வீடற்றோர் விடுதி, போதை மீட்பு முதலான தனித்தனி ஒப்பந்தங்களையெல்லாம் ஒன்றாக்கி, 2019 ஏப்ரலில், ஏழு ஸ்தாபனங்கள் மன்றத்தோடு சேர்ந்து ஒரே கூட்டணியாகப் பொறுப்பேற்கும் ஏற்பாட்டைச் செய்தது. பத்து வருஷம் வரை நீடிக்கக்கூடிய அந்த ஒப்பந்தத்தில் லாபமும் நஷ்டமும் எல்லாருக்கும் பொது. ஒருவர் தவறினால் மற்றவர் விரல் நீட்டி ஒதுங்க இடமில்லை. ஒரு விடுதியை மூடுவதற்கோ, அந்தப் பணத்தை வேறு பணிக்குத் திருப்புவதற்கோ மறுபடியும் டெண்டர் கோர வேண்டியதில்லை. மேஜையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் அனைவரும், உதவி பெறுபவருக்கு எது நல்லது என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு, ஏகமனதாக ஒப்பினால் போதும். ஒருவர் ஒப்பாவிட்டால், ஒப்பும்வரை உட்கார்ந்து பேச வேண்டும்.